என் கிழவரின் வயதைக் குறைக்க மாட்டேன்

மிகுபுனைவு நாவல்களைத் தேர்வு செய்யும் பதிப்பாசிரியர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும்,

உங்களில் ஒருவரிடமிருந்து என் கைப்பிரதி திரும்பி வந்திருக்கிறது. அதில் வருத்தமில்லை, எழுதுகிறவனுக்கு அது பழகிப்போன சமாசாரம். கூடவே வந்த குறிப்புதான் இந்த மடலை எழுத வைத்தது. நடை நன்றாக இருக்கிறதாம். கதை நடக்கும் உலகம் புதிதாக இருக்கிறதாம். நாயகனுக்கு 62 வயது என்பதுதான் இடிக்கிறதாம். 22 ஆக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதென்றால் மூன்று மாற்று வழிகளும் சொல்லியிருக்கிறீர்கள்: கிழவரைப் பேரனுக்கு வழிகாட்டியாக வைக்கலாம், கடைசிச் சண்டைக்கு முன் ஒரு மந்திரவாதி அவருக்கு இளமையைத் திருப்பித் தரலாம், இரண்டும் பிடிக்காவிட்டால் பாதிக் கதையில் அவரைக் கொன்றுவிடலாம், வாசகர்கள் அழுவார்கள்.

பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு பதிப்பகத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் தனிக் கடிதமாகவே எழுதியிருப்பேன். மாயமும் அரக்கரும் வாளும் வருகிற கதைகள் எழுதும் என் நண்பர்கள் பலருக்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து இதே குறிப்புதான் வந்திருக்கிறது, சொற்கள் மட்டும் மாறி. மையப் பாத்திரம் இளைஞராக இருப்பது நல்லது என்கிற வரியைப் போட்டி அறிவிப்பிலேயே பார்த்தாயிற்று. அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பட்டாளத்துக்காரன். காலாட்படை. இளமை முழுவதும் முதுகில் சுமையோடு நடந்தே கழிந்தது. இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு திட்டம் வேண்டும். இடப்பக்கம் சாய வேண்டும், உள்ளங்கையை ஊன்ற வேண்டும், நல்ல காலை முதலில் மடக்க வேண்டும், ஒரு மூச்சு விட வேண்டும், அப்புறம்தான் மற்ற கால். எழுந்த பிறகும் உடனே நடந்துவிட முடியாது. முழங்கால் ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும்.

என் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் கிழவர் செய்வதும் இதையேதான். அந்தப் பத்தியின் ஓரத்தில் உங்கள் ஆசிரியர் 'வேகம் குறைகிறது' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். குறையும்தான். அதே அறைக்குள் பத்து பக்கம் கழித்து அவரைக் கொல்ல ஒருவன் வந்து நிற்கிறான். தரையில் படுத்திருக்கும் கிழவர் எழுந்து நிற்க எவ்வளவு நேரமாகும் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். சாய்ந்து, கை ஊன்றி, கால் மடக்கி, மூச்சு விட்டு என்று ஒவ்வொன்றையும் அவர்கள் பதைபதைப்போடு எண்ணுவார்கள். 22 வயதுக்காரன் துள்ளி எழுந்துவிட்டால் அங்கே எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

நெருப்புக் கக்கும் பறவைக்கும், பேசும் மலைக்கும், செத்தபின் எழுந்து வரும் அரசனுக்கும் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூட்டுவலி மட்டும் நம்பும்படியாக இல்லை என்கிறீர்கள்.

முதுமை என்றால் பலம் குறைவது, அவ்வளவுதான் என்று நினைக்கிறீர்கள் என்று படுகிறது. அது அவ்வளவு எளிதாக இல்லை. கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வயதானால் முதலில் போவது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன். எதிர்மலை உச்சியில் அசைகிற கொடி தெரியும், கையில் இருக்கிற ஓலை தெரியாது. மூக்குக்கண்ணாடி கண்டுபிடிக்கப்படாத உலகத்தில் ஒரு கிழட்டு வில்லாளி இருநூறு அடி தள்ளி நிற்பவனைச் சரியாகக் குறி வைப்பான், ஆனால் நாணில் அம்பைப் பூட்டத் தடவுவான். ரகசிய ஓலை வந்தால் அதை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் கொடுப்பது? படித்துச் சொல்பவர் உள்ளதை உள்ளபடி சொல்கிறாரா? ஒரு நாவலுக்குத் தேவையான துரோகம் முழுவதும் இந்த ஒரு குறைபாட்டிலேயே கிடைக்கிறது. அதை நான் 22 வயதுக்காரனிடம் எங்கே போய்த் தேடுவேன்?

காதும் அப்படித்தான். கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் நழுவும். முரசு கேட்கும், தூரத்துக் குளம்படி கேட்கும், பக்கத்தில் நிற்கும் குழந்தை கூப்பிடுவது கேட்காது. துப்பாக்கிச் சத்தத்தில் ஊறிய என் காதில் இரவானால் நிற்காத ஒரு ரீங்காரம். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அது நன்றாகவே கேட்கும். அப்புறம், வயதானவர்கள் ராத்திரியில் ஒன்றுக்கு இரண்டு முறை வெளியே போக எழுவார்கள். சிரிக்காதீர்கள். முகாமில் எல்லாரும் குறட்டை விடும் நேரத்தில் விழித்திருக்கிற ஒரே ஆள் கிழவர்தான் என்றால், கொலையாளியை முதலில் பார்க்கப் போவது யார்?

ஓட்டம் போய்விடும், நடை சீக்கிரத்தில் போகாது. சட்டென்று பாயும் வலுவும் வேகமும் வயதோடு விரைவாகக் குறையும், நிதானமாக நெடுந்தூரம் போகும் திறன் அதைவிட மெதுவாகத்தான் குறையும். பட்டாளத்தில் இதைப் புதிதாகச் சேர்ந்த பையன்களும் கண்ணால் பார்ப்பார்கள். முதல் மணி நேரம் பையன்கள் முன்னால் போவார்கள். பொழுது சாயும்போது பார்த்தால் மூத்தவர்கள் அதே அடி, அதே வேகம், முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. நெடும்பயணம் உங்கள் வகைக் கதைகளின் முதுகெலும்பு. கடல் தாண்டி, காடு தாண்டி, மலை தாண்டிப் போகும் அந்தப் பயணத்துக்கு யாரை அனுப்புவது என்று பட்டாளத்துக்காரனைக் கேட்டால் ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பவனைச் சொல்ல மாட்டான்.

எங்கள் செக்‌ஷனில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. ஒருமுறை மலையடிவாரத்தில் காட்டாறு ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நாங்கள் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கத் தயாராகிவிட்டோம். அவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தார். உள்ளங்கையில் செம்மண் கலங்கல், நடுவே கிழிந்த இலைத் துணுக்குகள், இன்னும் பச்சையாக. "உக்காருங்கடா" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. வானம் வெளுத்திருந்தது, எங்களுக்கு எரிச்சல், ஒருவன் முணுமுணுத்தான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் காலுறையைக் கழற்றிப் பாறையில் காயப்போட்டார். அந்தக் காலுறை காய்வதற்குள் மேலிருந்து ஒரு முழக்கம் வந்தது. வேரோடு பிடுங்கிய மரம் ஒன்று, நாங்கள் கால் வைக்கவிருந்த இடத்தின் மேலே புரண்டு போனது. மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது.

அவருக்கு அதற்காகப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆற்றைக் கடக்காமல் இருந்ததற்கு யார் பதக்கம் கொடுப்பார்கள்? என் நாவலே இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. குகைக்குள் பாய்கிறவனைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். குகை வாயிலில் ஒரு வௌவாலைக்கூடக் காணோமே என்று நின்றுவிடுகிறவரைப் பற்றி நான் எழுதினேன். உங்கள் குறிப்பு அதைத் 'தயக்கம்' என்று சொல்கிறது.

வயதானவர் நாயகனாவது நம் மரபுக்குப் புதிதா என்ன? சரி, ஜடாயுவைப் பார்ப்போம். வால்மீகியின் ஜடாயு, சீதையின் அலறல் கேட்கும்போது மரத்தின் மேல் கண்ணயர்ந்திருக்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்துதான் போருக்கே போகிறார். ராவணனிடம் முதலில் நியாயம் பேசுகிறார். தனக்கு அறுபதாயிரம் ஆண்டு வயது என்றும், எதிரில் இருப்பவன் வில்லும் கவசமும் தேரும் உள்ள இளைஞன் என்றும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, ஆனாலும் விட மாட்டேன் என்கிறார். தேரை உடைக்கிறார், வில்லை உடைக்கிறார். வயதின் களைப்பு அவரைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ராவணன் மறுபடி சீதையோடு கிளம்புகிறான். கவி அதை மறைக்கவில்லை. கிழவர் களைத்தார் என்று எழுதுகிறார், களைத்த பின்னும் பின்னால் பாய்ந்தார் என்றும் எழுதுகிறார். சிறகு வெட்டுப்பட்ட பிறகும், தூக்கிப் போனது யார், எந்தத் திசை என்ற சேதியை ராமனிடம் ஒப்படைக்கும் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். காவல் நின்று பழகியவனுக்கு அந்தப் பிடிவாதம் புரியும். மூச்சு போவதற்குள் சேதி போய்ச் சேர வேண்டும்.

துரோணருக்கு வயது 85 என்று பாரதம் சொல்கிறது. பீஷ்மர் பத்து நாள் சேனாபதி. அவருக்கு எதிரில் நின்ற அர்ஜுனனே பேரன் முறை. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு நரைத்த தலை ஒட்டாது என்று எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தீர்கள்?

புறநானூற்றில் அவ்வையார் பாட்டு ஒன்று இருக்கிறது, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொல்வது. இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, அழகாகக் காவலுக்குள் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று. புகழ்வது போல ஒரு குத்தல். உங்கள் அட்டைப்படங்களில் நிற்கும் பளபளப்பான நாயகர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெய் பூசிய அந்த ஆயுதங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நுனி முறிந்த ஆளைப் பற்றி எழுதினால் பட்டறைக்குத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

நம் மரபு முழுக்க என் பக்கம்தான் நிற்கிறது என்றும் சொல்ல மாட்டேன். களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடன் என்று பாடியதும் அதே புறநானூறுதான். முந்தைய போர்களில் தமையனையும் கணவனையும் இழந்தவள், குடுமி வைத்த சின்னப் பையனுக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்பினாள் என்கிற பாட்டும் அங்கே இருக்கிறது. போர் என்றாலே பையன்களை அனுப்புவது என்பது பழைய வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் உங்கள் போட்டி விதிகளும் தெரியாமலே பின்பற்றுகின்றன. எனக்கு அதில் ஒரு கசப்பு உண்டு, மறைக்க விரும்பவில்லை. உலகத்தைக் காப்பாற்றும் வேலையைப் பெரியவர்கள் செய்யாமல், ஒவ்வொரு நாவலிலும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுவதைப் படிக்கும்போது, இந்த ஊரில் நாற்பதைத் தாண்டிய ஒருவருக்குக்கூட வெட்கமில்லையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் மூன்று யோசனைகளுக்கு வருகிறேன். வழிகாட்டி விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. அந்த வேலைக்கு ஜாம்பவான் இருக்கிறார், அதை அவரைவிட நன்றாக யாரும் செய்யப் போவதில்லை. அதோடு, என் கிழவருக்குப் பேரன் கிடையாது.

இளமையைத் திருப்பித் தருவது கொஞ்சம் விஷமமான யோசனை. யயாதி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன் புருவிடம் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டு அனுபவித்துவிட்டு, ஆசை தீராது என்று தெரிந்து திருப்பிக் கொடுத்தவர். அந்தக் கதையில் இளமைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுக்க ஒரு மகன் கிழவனாக வேண்டியிருந்தது. நீங்கள் கேட்கும் மந்திரத்தில் விலையே இல்லை. கிழவர் 300 பக்கம் வலியோடு ஏறி வந்த மலையைக் கடைசி 20 பக்கத்தில் ஒரு சொட்டு மருந்து அழித்துவிடுகிறது. இதுவரை நீங்கள் பார்த்த ஆள் போதாது, ஜெயிப்பதற்கு வேறொரு உடம்பு வேண்டும் என்று வாசகரிடம் சொல்வதற்குச் சமம் அது. என் கதை இளமையில் தானே போரிட்டு, ஒரு பூதத்தைக் காவல் வைத்து மூடிய ஒரு கணவாயை, இப்போது தானே போய்த் திறக்க வேண்டியிருக்கும் ஒருவரைப் பற்றியது. மூடிய நாளில் அவர் என்ன செய்தார் என்பது அந்தப் பூதத்துக்குத் தெரியும். மீண்டும் இளைஞனாகிப் போய் நின்றால் அது அவரிடம் என்ன கேட்கும்? அவர் செய்ததைச் செய்தவன் அப்படியே வந்து நிற்கிறான் என்றுதானே நினைக்கும்? முடிச்சே அவிழ்ந்து போய்விடுகிறது.

கொன்றுவிடச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. சாவைப் பற்றிய பயத்தால் சொல்லவில்லை. என் கிழவர் செத்தாலும் சாகலாம், கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். இளைஞன் ஒருவனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக ஒரு முதியவரைச் செலவழிப்பதுதான் பிரச்சினை. இதற்கு வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அலெக்சாந்தரின் பழைய காலாட்படையில் வெள்ளிக் கேடயத்தார் என்ற பிரிவு இருந்தது. அலெக்சாந்தர் இறந்த பிறகும் அவர்கள் போரிட்டார்கள். கி.மு. 316 வாக்கில் கபியேனே போர்க்களத்தில் நின்றபோது அவர்களில் மிக இளையவருக்கே ஏறக்குறைய 60 வயது, பெரும்பாலானோருக்கு 70ஐ ஒட்டிய வயது என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிவைத்திருக்கிறார். எதிர்வரிசையில் இருந்த இளைஞர்களைப் பார்த்து, உங்கள் தகப்பன்மார் மீதா ஆயுதம் தூக்குகிறீர்கள் என்று கத்தினார்களாம். எதிரிக் காலாட்படை அவர்கள் முன் நிற்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் ஒரு நாவலாசிரியனுக்குத் தூக்கம் வராமல் செய்யும் பகுதி. போர்க்களத்தில் கிளம்பிய புழுதி மறைவில் எதிரியான ஆன்டிகோனஸின் குதிரைப்படை அவர்களுடைய முகாமைப் பிடித்துவிட்டது. மனைவி, பிள்ளைகள், ஆயுள் முழுக்கச் சேர்த்த பொருள், எல்லாம் அங்கே. அவற்றை மீட்பதற்காக, ஜெயித்த அந்தக் கிழவர்கள் தங்கள் தளபதி யூமெனஸையே கட்டி எதிரியிடம் ஒப்படைத்தார்கள். ஆன்டிகோனஸ் யூமெனஸைக் கொன்றான், வெள்ளிக் கேடயத்தாரின் தலைவர் ஆன்டிகெனஸை உயிரோடு எரித்தான். மீதிப் பேரில் ஒரு பகுதியை அரக்கோசியா என்ற தொலைதூர மாகாணத்தின் ஆளுநரிடம் அனுப்பி, திரும்பி வர முடியாத வேலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பித் தீர்த்துவிடும்படி சொன்னான். உங்கள் குறிப்பைப் படித்தபோது அந்த உத்தரவுதான் ஞாபகம் வந்தது. இத்தனைக்கும் ஆன்டிகோனஸே அப்போது 60ஐத் தாண்டியவன், ஒற்றைக் கண்ணன், கி.மு. 301இல் இப்சஸ் களத்தில் விழும்போது ஏறக்குறைய 80 வயது. இளைஞன் ஒருவனை நாயகனாக்காமலே ஒரு முழு இதிகாசம் அங்கே கிடக்கிறது. வீரம், துரோகம், குடும்பம், பயம், எதையும் யாரும் குறைத்துப் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள், பீலி சூட்டினார்கள், கள் படைத்தார்கள். அதே சண்டையில் பக்கத்தில் நின்று பிழைத்து வந்தவனுக்கு என்ன கிடைத்தது? அவன் அந்தக் கல்லைத் தினமும் கடந்து மாடு மேய்க்கப் போயிருப்பான். அதில் செதுக்கிய முகம் சரியாக வரவில்லை என்பது ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். நான் எழுத விரும்புவது இவனை. பாதிக் கதையில் அவனைக் கொன்று அவனுக்கும் ஒரு கல் நட்டுவிட்டால் உங்களுக்கு வசதி, எனக்குக் கதை இல்லை.

உங்கள் பக்க வாதமும் எனக்குத் தெரியும். நாயகன் ஒன்றும் அறியாத பையனாக இருந்தால் அவனோடு சேர்ந்து வாசகரும் அந்த உலகத்தைக் கற்றுக்கொள்ளலாம். கிழவருக்கு எல்லாம் தெரியுமே, யார் யாருக்கு விளக்குவது? நியாயமான கேள்வி. ஆனால் வெகுகாலம் கழித்துப் பட்டாளத்திலிருந்து வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது? நான் திரும்பி வந்தபோது தெருவில் இருந்த பாதிப்பேரை எனக்குத் தெரியாது. பேச்சு மாறியிருந்தது, நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே பலருக்கு மறந்திருந்தது. உங்கள் மாய உலகத்தில் இதை வைத்துப் பாருங்கள். கிழவர் காத்த எல்லை இப்போது வேறிடத்தில் இருக்கிறது. அவர் வெட்டிய அரக்கரின் பேரன் சந்தையில் துணி விற்கிறான், மரியாதையாகவும் பேசுகிறான். அவர் காலத்து மந்திரம் வழக்கொழிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பையன் கற்றுக்கொண்டால் போதும், கிழவருக்கோ கற்றதை மறந்து மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. எந்தப் பயணம் கடினம்?

விற்காது என்றால் அதற்கும் பதில் உண்டு. 1984இல் ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர் டேவிட் கெம்மல் வெளியிட்ட முதல் நாவலின் நடுநாயகம் 60 வயதான, முழங்கால் வலியுள்ள ஒரு கோடரிவீரர். இன்றுவரை அதைத் தேடிப் படிக்கிறார்கள். டெர்ரி பிராட்செட் 1986இல் 87 வயதான, பல்லில்லாத ஒரு வீரனைக் கொண்டுவந்தார். கேலிக்காக வந்தவன்தான், ஆனால் பின்னால் வந்த நாவல்களிலும் திரும்பத் திரும்ப வந்தான். பழைய ஆங்கிலக் காவியமான பேயோவுல்ஃபின் கடைசிப் பகுதியில் டிராகனை எதிர்க்கப் போவது ஐம்பது ஆண்டு அரசாண்ட கிழட்டு ராஜா. இவையெல்லாம் நீங்களும் படித்தவைதான்.

கிழவர்களை நாயகராக்கும் கதைகளிலும் எனக்குச் சண்டை உண்டு. தலையில் மட்டும் வெள்ளை அடித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே 25 வயது உடம்பை வைத்துவிடுகிறார்கள். நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு மறுநாள் காலையில் குதிரை ஏறுகிறார் அந்தத் தாத்தா. இந்த வயதில் ஒரு சுளுக்கு ஆறுவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று எழுதியவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வேகம் குறையுமே என்று பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை ஊட்டியதில் உங்கள் பென்சிலுக்கும் பங்குண்டு.

வயதான பெண் போர்வீரர்களைப் பற்றி என்ன சொல்ல? கிழவி என்றால் ஒன்று சூனியக்காரி, இல்லை மருந்து அரைப்பவள். இளமையில் வாளெடுத்த எத்தனையோ கதாநாயகிகளை நீங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள். அவர்களெல்லாம் 55 வயதில் எங்கே போனார்கள்? என் தோழி ஒருத்தி அப்படி ஒருத்தியை எழுதியிருக்கிறாள். மாதவிடாய் நின்ற வயது, இரவில் உடம்பு கொதிக்கிறது, பனிமலைக் காவலுக்குத் தானாக முன்வருகிறாள். இந்த வருடம் நான் படித்ததில் மிக நல்ல காட்சி அது. அவளுக்கும் வயதைக் குறைக்கச் சொல்லித்தான் பதில் வந்தது.

இனி நான் கேட்பது இவை.

போட்டி அறிவிப்புகளிலிருந்தும் கைப்பிரதி விதிகளிலிருந்தும் மையப் பாத்திரத்தின் வயது பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். இளையோருக்கான வரிசை என்று தனியாக வைத்திருந்தால் அங்கே மட்டும் இருக்கட்டும்.

ஒரு கதையைத் திருப்பி அனுப்பும்போது கதையின் குறையை எழுதுங்கள். காட்சி நிற்கவில்லை, உரையாடல் செயற்கை, முடிவு அவசரம், எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன். வயதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். நாயகனின் வயதை மாற்றுவதை வெளியிடுவதற்கான நிபந்தனையாக வைக்காதீர்கள்.

முதல் வாசிப்புக் குழுவில் 50ஐத் தாண்டியவர் ஒருவராவது இருக்கட்டும். போர், காவல், நெடுநடை வரும் கதைகளுக்கு, அந்த வேலையில் இருந்தவர் யாரிடமாவது ஓர் அத்தியாயத்தையாவது கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். சம்பளம் கேட்காமல் படித்துத் தர நான் தயார், என் நண்பர்களிலும் சிலர் தயார்.

வயதானவரை நாயகராகக் கொண்ட நாவலை வெளியிட்டால் அட்டையில் அவர் முகத்தைப் போடுங்கள். பின்னால் நிழலாக ஒரு கிழவரும் முன்னால் வாளோடு ஒரு இளைஞனும் வேண்டாம்.

என் தோழியின் கைப்பிரதியை இன்னொரு முறை, அவள் எழுதிய வயதிலேயே படியுங்கள். என்னுடையதையும் அப்படியே படிக்க முடியுமென்றால் திரும்ப அனுப்புகிறேன். நான்காம் அத்தியாயம் நீளம் என்று நீங்கள் சொன்னது சரிதான், அதைக் குறைத்திருக்கிறேன். முடியாதென்றால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், வேறிடம் பார்த்துக்கொள்கிறேன். 62 என்பது 62 ஆகவே இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் காலாட்படைச் சிப்பாய் ஒருவன்